செயின்ட் கில்டா: ஆளொழிந்த ஸ்காட்லாந்துத் தீவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயின்ட் கில்டா எங்கே இருக்கிறது? அது ஒரு தீவா, பல தீவுகளா?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால் ஹெப்ரிடிஸ் தீவுகள் உள்ளன. அவற்றின் மேற்கு விளிம்பிலிருந்தும் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்து நிற்கும் சிறு தீவுக்கூட்டமே செயின்ட் கில்டா. ஹிர்டா, சோயே, பொரெரே, டூன் என்பன அதன் முக்கியத் தீவுகள். இவற்றோடு கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைத் தூண்களும் உண்டு. அவற்றுள் ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர் உயரமும் ஸ்டாக் லீ 172 மீட்டர் உயரமும் கொண்டவை. ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த ஓர் எரிமலையின் எச்சங்கள்தாம் இவையனைத்தும்.

மக்கள் நிலையாக வாழ்ந்தது ஹிர்டாவில் மட்டுமே. அதன் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தென்கிழக்கில் உள்ள ஒரு விரிகுடாவைத் தவிர மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் பாறைச் சரிவுகள்தாம். வடக்கே கோனாகெயர் சிகரம் 430 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய நேராகக் கடலில் இறங்குகிறது. பிரிட்டனின் மிக உயரமான கடற்பாறைச் சரிவு இதுவே. கரையேற ஏற்ற அந்தத் தென்கிழக்கு விரிகுடாவும் தென்கிழக்குக் காற்றுக்குத் திறந்து கிடப்பதால், வந்த கப்பல் கரையைப் பார்த்துவிட்டு ஆட்களை இறக்காமலேயே திரும்பிச் சென்ற நாட்கள் ஏராளம்.

அங்கே மக்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தனர்? தீவு யாருக்குச் சொந்தமாக இருந்தது?

குறைந்தது 2000 ஆண்டுகளாவது தொடர்ந்து குடியிருப்பு இருந்ததாகத் தொல்லியல் சான்றுகள் காட்டுகின்றன. நார்ஸ் மக்களும் வந்து சென்றதற்குத் தடயங்கள் உண்டு. அறியப்பட்ட காலத்தில் மக்கள் பேசியது ஸ்காட்டிஷ் கேலிக் மொழி.

பல நூற்றாண்டுகளாகத் தீவு, ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் இருந்த மக்லவுட் குலத்தலைவர்களின் உடைமையாக இருந்தது. ஆண்டுக்கொரு முறை அவர்களுடைய காரியக்காரர் கப்பலில் வந்து நிலக் குத்தகையான வாரத்தை வாங்கிச் சென்றார். வாரம் பணமாக அல்ல, இறகு, பறவை எண்ணெய், கம்பளித் துணி, தானியம் ஆகிய பொருள்களாகவே கொடுக்கப்பட்டது. தீவுக்கு வேண்டிய உப்பும் விதையும் அதே கப்பலில் வந்தன. 1697-இல் இப்படி ஒரு பயணத்தில் உடன் சென்ற மார்ட்டின் மார்ட்டின் என்பவர் எழுதிய விவரிப்பே தீவைப் பற்றிய முதல் விரிவான பதிவு. அப்போது மக்கள்தொகை ஏறத்தாழ 180 என்று அவர் குறித்திருக்கிறார். அதன்பின் அந்த எண்ணிக்கை ஒருபோதும் எட்டப்படவில்லை.

சுற்றிலும் கடல் இருந்தும் அவர்கள் மீன்பிடிப்பை நம்பி வாழவில்லை என்பது உண்மையா?

உண்மைதான். அவர்கள் மீனே பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடல் கொந்தளிப்பானது, படகுகள் ஒன்றிரண்டே இருந்தன, பாதுகாப்பான துறையும் இல்லை. ஒரு படகு கவிழ்ந்தால் ஊரின் உடல்வலிமை கொண்ட ஆண்களில் பெரும்பகுதியினர் ஒரே நாளில் போய்விடுவர். பாறைச் சரிவுகளிலோ இலட்சக்கணக்கான கடற்பறவைகள் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வந்து கூடு கட்டின. ஆகவே அவர்களுடைய அறுவடை பாறையிலிருந்தே வந்தது.

மூன்று பறவைகள் முக்கியமானவை. கேனட் என்னும் பெரிய வெள்ளைப் பறவையின் குஞ்சுகளும் முட்டைகளும் பொரெரேயிலும் அதனருகே உள்ள பாறைத் தூண்களிலும் எடுக்கப்பட்டன. பஃபின் என்னும் சிறு பறவையைப் பெண்களும் நாய்களின் துணையோடு பிடித்தனர். எல்லாவற்றுக்கும் மேலானது ஃபுல்மார். அதன் இறைச்சி உப்பிட்டுக் குளிர்காலத்துக்குச் சேமிக்கப்பட்டது, இறகு வாரத்துக்கும் விற்பனைக்கும் போயிற்று, அச்சுறுத்தினால் அது வாயிலிருந்து உமிழும் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும் பயன்பட்டது. 1878-இல் ஷெட்லாந்தின் ஃபௌலா தீவில் ஃபுல்மார் கூடு கட்டத் தொடங்கும்வரை, பிரிட்டனில் அது இனப்பெருக்கம் செய்த ஒரே இடம் செயின்ட் கில்டாதான். அந்த ஆண்டுவரை ஒரு பண்டத்தின் முழு வரத்தும் இந்தச் சிற்றூரின் கையில் இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆண்கள் வெறுங்காலுடன், இடுப்பில் கயிறு கட்டி, நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்துச் சரிவில் இறங்கினர். பழைய கயிறுகள் குதிரைமயிரில் முறுக்கப்பட்டு, பாறையில் உரசி அறாதபடி தோலால் சுற்றப்பட்டன. நல்ல கயிறு ஒரு குடும்பத்தின் விலைமதிப்புள்ள சொத்தாகக் கருதப்பட்டது. மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவரின் உடல்வலிமையிலும் கவனத்திலுமே கீழே தொங்குபவரின் உயிர் இருந்தது. இந்த வேலைக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு உண்டு. ஊரின் முடிவைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பறவையோடு ஆடு, மாடு, பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவையும் உண்டு. ஆனால் உப்புக்காற்று வீசும் நிலத்தில் விளைச்சல் நிச்சயமற்றது. தலைமுறை தலைமுறையாகச் சாம்பலும் பறவைக் கழிவும் உரமாகக் கொட்டப்பட்டதால் அந்த மண்ணில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருந்ததை அபர்டீன் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் கண்டறிந்தனர்.

படங்களில் தெரியும் கூம்புபோன்ற கற்குடில்கள் என்ன?

அவற்றின் பெயர் கிளீட். அவை வீடுகள் அல்ல, சேமிப்புக் கிடங்குகள். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி எழுப்பி, மேலே புல்தரையோடு வெட்டிய மண்கட்டிகளைக் கூரையாக வேய்ந்திருப்பார்கள். மழை உள்ளே இறங்காது, ஆனால் கல்லிடுக்குகள் வழியே காற்று ஓயாமல் ஊடுருவும். அந்தக் காற்றில் பறவை இறைச்சியும் முட்டையும் வைக்கோலும் கயிறும் எரிப்பதற்கான புல்மண் கட்டிகளும் கெடாமல் உலர்ந்திருக்கும். ஹிர்டாவில் மட்டும் 1200-க்கும் மேற்பட்ட கிளீட்டுகள் உள்ளன. மற்றத் தீவுகளிலும், ஏறுவதற்கே அஞ்சத்தக்க பாறைத் தூண்களிலும்கூட அவற்றைக் காணலாம்.

வீடுகளின் கதை வேறு. 1830-இல் மதபோதகராக வந்த நீல் மெக்கன்ஸி, நெருக்கமாகவும் சுகாதாரமின்றியும் இருந்த பழைய ஊரைக் கலைத்து, விரிகுடாவை நோக்கிய பிறைவடிவத் தெருவில் புதிய வீடுகள் அமைய வழிசெய்தார். அதற்கு ஊக்கத்தொகை அளித்தவர் தாமஸ் டைக் ஆக்லண்ட் என்ற செல்வந்தர். தடித்த இரட்டைக் கற்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட அந்த வீடுகளில் குளிர்காலத்தில் ஒரு பக்கம் மாடுகளும் மறுபக்கம் மனிதர்களும் இருந்தனர். 1860-இல் அடித்த பெரும்புயலில் பல கூரைகள் சேதமடைந்ததையடுத்து, நில உடைமையாளர் 1861-62-இல் சன்னலும் புகைபோக்கியும் கொண்ட 16 புதிய வீடுகளைக் கட்டிக் கொடுத்தார். பார்வைக்கு அவை முன்னேற்றம். ஆனால் அவற்றின் துத்தநாகத் தகட்டுக் கூரைகள் காற்றில் பறந்தன, உட்புறமோ பழைய வைக்கோல் வீட்டைவிடக் குளிராக இருந்தது. நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து வந்த உதவி தீவின் காற்றைக் கணக்கில் கொள்ளாமல் வந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

“செயின்ட் கில்டா நாடாளுமன்றம்” என்பது என்ன?

ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு நாள் காலையிலும் ஊரின் ஆண்கள் தெருவில் கூடி, அன்றைய வேலை என்ன, யார் எங்கே போவது என்று பேசி முடிவெடுத்தனர். அதைக் கண்ட வெளியூர்ப் பயணிகள் பாதி வியப்பிலும் பாதி கேலியிலும் வைத்த பெயர் இது. அதற்குத் தலைவர் கிடையாது, விதிமுறைகளும் கிடையாது. சில நாட்களில் பேச்சு நீண்டு வேலையே நடக்காமல் போனதும் உண்டு. பாறைச் சரிவுகளைக் குடும்பங்களுக்குப் பங்கிடுவதும், பிடித்த பறவைகளைப் பிரிப்பதும், விதவைகளுக்கும் முதியோருக்கும் பங்கு ஒதுக்குவதும் ஊர்ப்பொதுவாகவே நடந்தன. இதைக் கற்பனைப் பொற்காலமாக வருணித்தவர்கள் பலர். என் கருத்தில் இது இலட்சியத்தால் பிறந்த ஏற்பாடு அல்ல. ஒரே படகையும் ஒரே கயிற்றையும் பலர் நம்பியிருந்த ஊரில் இதைத் தவிர வேறு வழியில்லை. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமை சுமப்பது, பால் கறப்பது, நூல் நூற்பது எல்லாம் அவர்களுடைய பொறுப்பாக இருந்தும் நிலை அதுதான்.

தீவு வெளியுலகத் தொடர்பே இல்லாமல் இருந்ததா?

இந்தத் தீவைப் பற்றி எழுதப்படுபவற்றில் மிகுதியாக மிகைப்படுத்தப்படுவது இதுதான். குளிர்காலத்தில் எட்டு, ஒன்பது மாதங்கள் கப்பல் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் வாரம் வாங்குபவரும் மதபோதகரும் வணிகரும் பயணிகளும் வராத நூற்றாண்டு எதுவும் நமக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை. எடின்பரோவின் நீதிபதியான கிரேஞ்ச் பிரபு, தமக்குத் தொல்லையாகிவிட்ட மனைவியைக் கடத்தச் செய்து, 1734 முதல் 1740 வரை அடைத்துவைத்ததும் இந்தத் தீவில்தான். 1820-களில் கட்டப்பட்ட தேவாலயத்தின் வரைபடம், கலங்கரை விளக்கங்களுக்குப் பெயர்பெற்ற பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சனுடையது.

1877 ஒரு திருப்புமுனை ஆண்டு. அந்தக் குளிர்காலத்தில் ஜான் சாண்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் தீவில் சிக்கிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆஸ்திரியக் கப்பல் உடைந்து அதன் மாலுமிகளும் கரையேறினர். ஊரின் உணவு இருப்பு அனைவருக்கும் போதவில்லை. சாண்ட்ஸ் ஓர் உயிர்காப்பு மிதவையில் கடிதத்தைக் கட்டிக் கடலில் விட்டார். அது ஒன்பது நாட்களில் ஆர்க்னி தீவில் கரையொதுங்க, கடற்படையின் ஜாக்கல் கப்பல் வந்து மீட்டது. அதன்பின் தீவினர் சிறு மரப்படகு வடிவில் குடைந்த கட்டையில் கடிதமும் தபால் கட்டணமும் வைத்து, ஆட்டுத்தோல் பையை மிதவையாகக் கட்டி, காற்று சாதகமான நாளில் கடலில் விடும் வழக்கத்தைத் தொடர்ந்தனர். சில ஸ்காட்லாந்தில் ஒதுங்கின, சில நார்வேவரை சென்றன.

அதே 1877-இல் டனாரா காசில் என்ற நீராவிக்கப்பல் கோடைகாலச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துவரத் தொடங்கியது. அவர்கள் கம்பளித் துணியும் காலுறையும் முட்டையும் வாங்கினர், படமெடுக்கக் காசு கொடுத்தனர். ஊருக்குள் பணம் புழங்க ஆரம்பித்தது. மாவும் தேயிலையும் சர்க்கரையும் கடையிலிருந்து வரத் தொடங்கின. இதற்கிடையில் மண்ணெண்ணெய் பரவி ஃபுல்மார் எண்ணெய்க்குத் தேவை குறைந்தது, இறகின் விலையும் சரிந்தது. ஆக, பாறையிலிருந்து கிடைத்த செல்வம் மதிப்பிழந்துகொண்டிருந்த அதே காலத்தில் கப்பலிலிருந்து வந்த பொருள்கள் இன்றியமையாதவை ஆயின. தீவு அழிந்தது தனிமையாலா என்று கேட்பவர்கள் இந்த இருபது, முப்பது ஆண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1727-இல் நடந்த பேரழிவு எப்படிப்பட்டது?

முந்தைய ஆண்டு ஹாரிஸ் தீவுக்குச் சென்ற தீவினர் ஒருவர் அங்கே பெரியம்மையால் இறந்தார். அவருடைய உடைகளை ஊருக்குக் கொண்டுவந்ததால் நோய் பரவியது என்பது மரபுவழிச் செய்தி. அதற்கு முன் அந்நோயை அறியாத ஊர் என்பதால் பெரும்பாலோர் மாண்டனர்.

நோய் பரவுவதற்குச் சற்று முன்னர், ஆகஸ்ட் நடுவில், மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். சில நாட்களில் படகு திரும்பி வந்து அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் படகைச் செலுத்தப் போதிய ஆண்கள் ஊரில் உயிரோடு இல்லை. அந்தப் பதினொரு பேரும் பறவையையும் மீனையும் உண்டு, மழைநீரைக் குடித்து, ஒரு குளிர்காலம் முழுவதையும் அந்தப் பாறையிலேயே கழித்தனர். 1728 மே மாதம் நிலவுடைமையாளரின் ஆட்கள் வந்து மீட்டபோது அனைவரும் உயிருடன் இருந்தனர். தங்களை ஏன் மறந்தார்கள் என்பதற்கு விடை ஊருக்குத் திரும்பிய பின்னரே அவர்களுக்குத் தெரிந்தது. பின்னர் ஹாரிஸ் முதலிய தீவுகளிலிருந்து புதிய குடும்பங்கள் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. எனவே 1930-இல் வெளியேறியவர்கள் ஈராயிரம் ஆண்டு அறுபடாத ஒரே வம்சத்தினர் என்று எண்ணுவது பொருந்தாது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலும் செயின்ட் கில்டா என்ற பகுதி உள்ளதே, தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. மேலே குறிப்பிட்ட ஆக்லண்டின் பாய்மரக் கப்பலுக்கு “லேடி ஆஃப் செயின்ட் கில்டா” என்று பெயர். அது கைமாறி 1840-களின் தொடக்கத்தில் மெல்பர்ன் கரையில் நங்கூரமிட்டிருந்தபோது, அந்தக் கப்பலை வைத்து அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது.

ஆனால் தீவினர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது உண்மை. 1852-இல் 36 பேர், அதாவது ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், பிரிசில்லா என்ற கப்பலில் புறப்பட்டனர். வழியிலும் வந்திறங்கியவுடனும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயால் இறந்தனர். தீவில் எஞ்சியவர்கள் எழுபது சொச்சம் பேர். அடுத்த எழுபது ஆண்டுகளில் மக்கள்தொகை அந்த அளவைப் பெரிதாகத் தாண்டி வளரவில்லை.

ஏன் வளரவில்லை?

முதற்காரணம் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இரண்டு வாரங்களுக்குள் மடிந்தன. தொப்புள்கொடி வழியே தொற்றிய தசைவிறைப்பு நோயே அது. பிறந்து நான்கைந்து நாட்களில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தும், தாடை இறுகும், எட்டாம் நாளளவில் உயிர் பிரியும். சிசு பிழைக்குமா என்று தெரியும்வரை தாய்மார்கள் உடை தைப்பதைக்கூடத் தள்ளிப்போட்டனர் என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை. கொடியில் ஃபுல்மார் எண்ணெய் தடவும் வழக்கமே காரணம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது ஓர் ஊகம் மட்டுமே, உறுதிசெய்யப்பட்ட முடிவு அன்று.

இதற்கு முடிவுகட்டியவர் 1889-இல் வந்த போதகர் ஆங்கஸ் ஃபிடஸ். இறைவன் சித்தம் என்று விட்டுவிடாமல், கிளாஸ்கோவில் நோய்க்கிருமி நீக்கும் முறைகளைக் கற்றுவந்து பேறுகாலத்தில் அவற்றைக் கடைப்பிடிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் அந்நோய் தீவிலிருந்து மறைந்தது.

தீவின் சீரழிவுக்கு மதபோதகர்களே காரணம் என்று சிலர் எழுதுகிறார்களே?

குற்றச்சாட்டு முக்கியமாக 1865 முதல் 1889 வரை இருந்த ஜான் மெக்காய் மீதுதான். ஃப்ரீ சர்ச் பிரிவைச் சேர்ந்த அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கணக்கில் நீளும் மூன்று வழிபாடுகளை நடத்தினார், வாரநாட்களிலும் கூட்டங்கள் இருந்தன, பாட்டும் விளையாட்டும் ஒடுங்கின. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவரைப் பற்றிய இந்தச் சித்திரத்தை எழுதி நிலைநிறுத்தியவர்கள் கோடையில் சில மணிநேரம் வந்துபோன நகரத்துப் பயணிகள். கிராமத்தார் உற்சாகமாக ஆடிப்பாடிக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஞாயிறு ஓய்வு எரிச்சலூட்டியிருக்கலாம். வீட்டைத் திருத்திய மெக்கன்ஸியும் சிசுக்களைக் காத்த ஃபிடஸும் போதகர்கள்தாம். ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்பளிப்பது நியாயமாகாது.

முதல் உலகப்போரில் தீவு தாக்கப்பட்டதா?

ஆம். 1912-இல் உணவுத் தட்டுப்பாடும் காய்ச்சலும் ஊரை வாட்டிய செய்தி நாடெங்கும் பரவ, ஒரு லண்டன் நாளிதழின் முயற்சியால் 1913-இல் தீவில் கம்பியில்லாத் தந்தி நிலையம் அமைக்கப்பட்டது. போர் தொடங்கியதும் கடற்படை அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1918 மே 15-ஆம் நாள் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் விரிகுடாவில் எழுந்து, எச்சரித்துவிட்டு நிலையத்தைக் குண்டுவீசித் தகர்த்தது. சில கட்டடங்கள் சேதமடைந்தன, மனித உயிர் எதுவும் போகவில்லை. தாக்குதல் முடிந்தபின் கொண்டுவந்து நிறுத்திய பீரங்கி இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அது போரில் ஒருமுறைகூடச் சுடவில்லை.

குண்டுவீச்சைவிட ஆழமாகப் பாதித்தது கடற்படையினரின் நான்காண்டு வாசம். ஒழுங்கான தபால், ஊதியத்துக்கு வேலை, தட்டுப்பாடில்லாத உணவு, மருத்துவர் ஆகிய எல்லாம் வந்தன, போர் முடிந்ததும் ஒன்றாகப் போயின. இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெருநிலத்துக்குச் சென்றனர். 1920-இல் 73-ஆக இருந்த மக்கள்தொகை 1928-இல் 37-ஆகக் குறைந்தது.

சரி, ஏன் வெளியேறினர்? அரசு கட்டாயப்படுத்தியதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் செம்மறிப் பண்ணைகளுக்காகக் குடியானவர்கள் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்ட வரலாறு உண்டு. அதை நினைத்துக்கொண்டு இதையும் அவ்வாறே கருதுவோர் உள்ளனர். ஆனால் செயின்ட் கில்டாவில் கோரிக்கை வைத்தவர்கள் தீவினரே.

1926-இல் இன்ஃபுளுவென்சா நான்கு ஆண்களைக் கொண்டுபோயிற்று. 1930-இன் தொடக்கத்தில் ஓர் இளம்தாய் நோயுற்று, கப்பல் வரத் தாமதமாகி, இறுதியில் கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். தீவில் செவிலியராகப் பணியாற்றிய வில்லியமினா பார்க்ளே ஊராரோடு பேசினார். போதகர் டூகல்ட் மன்ரோ கடிதத்தை எழுத உதவினார். 1930 மே 10-ஆம் தேதியிட்ட அந்த மனுவில் இருபது பேர் கையொப்பமிட்டு ஸ்காட்லாந்து விவகார அமைச்சருக்கு அனுப்பினர்.

மனுவில் கண்ணீரோ அலங்காரமோ இல்லை. ஆள்பலம் சில ஆண்டுகளாகக் குறைந்துவருகிறது. மொத்தம் 36 பேரே எஞ்சியுள்ளனர். அவர்களில் ஊரின் பணிகளைத் தாங்கும் ஆண்கள் சிலர் வேலை தேடிப் பெருநிலம் செல்ல உறுதியாக முடிவு செய்துவிட்டனர். அவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்க முடியாது. மனுவின் சாரம் இவ்வளவே. தங்களை ஒரே சமூகமாகச் சேர்த்துக் குடியேற்ற வேண்டும் என்று தாங்கள் கேட்கவில்லை என்றும் அதில் எழுதியிருந்தனர். பிற்காலத்தில் துயரக் காவியம் பாடியவர்கள் பெரும்பாலும் இந்த வரியைக் கடந்துபோய்விடுகின்றனர்.

படகு செலுத்தவும், பாறையில் கயிறு பிடிக்கவும், பொரெரேயில் ஆடு மேய்த்து மீட்கவும், துணி நெய்யவும் தேவைப்படும் கைகளின் எண்ணிக்கைக்கு ஒரு கீழெல்லை உண்டு. அந்த எல்லையை ஊர் தொட்டுவிட்டது. இரண்டு குடும்பங்கள் விலகினாலே மற்ற அனைவருக்கும் வாழ்வு நின்றுபோகும் நிலையில், தங்குவது தனிப்பட்ட விருப்பமாக இருக்க முடியாது. அதே சமயம் இது முழுக்க அவர்களுடைய சுதந்திரமான தேர்வு என்றும் சொல்லிவிட முடியாது. ஒழுங்கான தபால் கப்பலும் நிலையான மருத்துவ உதவியும் அவர்கள் நெடுங்காலம் கேட்டு முழுமையாகக் கிடைக்காதவை. துணைச்செயலர் டாம் ஜான்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். ஊரைத் தாங்கி நிறுத்துவதைவிட அகற்றுவதே எளிது என்று அரசு முடிவெடுத்தது.

வெளியேறிய நாளில் என்ன நடந்தது?

முதலில் ஆடுமாடுகளும் தட்டுமுட்டுப் பொருள்களும் டனாரா காசில் கப்பலில் ஏற்றப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட செம்மறிகள் விற்பனைக்காக அனுப்பப்பட்டன. நாய்களைக் கொண்டுசெல்ல இயலாமல், கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் மூழ்கடித்தனர். 1930 ஆகஸ்ட் 29 காலை, கடற்படையின் ஹேர்பெல் கப்பலில் 36 பேரும் ஏறினர். கடல் அன்று அமைதியாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் திறந்த விவிலியத்தையும் சிறுகுவியல் ஓட்ஸையும் வைத்துவிட்டுப் போயினர் என்பது இந்த நிகழ்வைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

பின்னர் அவர்கள் எப்படி வாழ்ந்தனர்?

பெரும்பாலோர் மோர்வன் பகுதியில் லொக்காலின் என்ற ஊரில் இறக்கப்பட்டனர். ஆண்களுக்கு வனத்துறையில் மரம் நடும் வேலை தரப்பட்டது. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டுவேலை என்பதைப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. உண்மையில் அவர்கள் அந்த வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டனர். கடினமாக இருந்தது வேறொன்று: ஒதுக்கப்பட்ட வீடுகள் ஒன்றுக்கொன்று மைல்கணக்கில் தள்ளியிருந்தன. ஒரே தெருவில் வாழ்ந்து பழகியவர்களில் முதியோர் இதனால் தனித்துவிடப்பட்டனர். சிலரைக் காசநோய் கொண்டுபோயிற்று. 1930-களின் கோடைகளில் சிலர் தீவுக்குத் திரும்பிச் சென்று சில வாரங்கள் தங்கள் பழைய வீடுகளில் தங்கினர். தீவில் பிறந்து வெளியேற்றத்தில் பங்கேற்றவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் 2016-இல் தம் 93-ஆம் வயதில் காலமானார். வெளியேறியபோது அவருக்கு எட்டு வயது.

இப்போது தீவு யார் பொறுப்பில் உள்ளது? அங்கே யாராவது வாழ்கிறார்களா?

1931-இல் மக்லவுட் குடும்பத்திடமிருந்து தீவை வாங்கிய டம்ஃப்ரீஸ் பிரபு, பின்னாளில் ப்யூட் கோமான் ஆனவர், பறவைகளில் ஈடுபாடு கொண்டவர். அவருடைய உயிலின்படி தீவு 1957-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. அதே ஆண்டில் ஏவுகணைச் சோதனைகளைக் கண்காணிக்கும் ராடார் நிலையமும் அங்கே நிறுவப்பட்டது. எனவே ஆண்டு முழுவதும் ஊழியர்கள் சிலர் அங்கே இருக்கிறார்கள். கோடையில் காப்பாளரும் ஆய்வாளர்களும் தொண்டர்களும் வந்து தங்குகின்றனர். தொண்டர் குழுக்கள் 1958 முதல் வந்து சில வீடுகளுக்குக் கூரை வேய்ந்து பராமரிக்கின்றன. குடும்பமாகக் குடியிருப்போர் எவரும் இல்லை.

1986-இல் யுனெஸ்கோ இதை இயற்கைச் சிறப்புக்காக உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 2005-இல் பண்பாட்டுச் சிறப்பும் சேர்க்கப்பட்டது. பிரிட்டனில் இவ்விரண்டுக்குமாகப் பட்டியலிடப்பட்ட ஒரே இடம் இது.

மனிதர் போனபின் தீவைத் தனதாக்கிக்கொண்டது சோயே செம்மறி. 1932-இல் சோயே தீவிலிருந்து 107 ஆடுகள் ஹிர்டாவுக்குக் கொண்டுவிடப்பட்டன. மேய்ப்பரும் வேட்டை விலங்கும் இல்லாத இந்த மந்தையை 1985 முதல் ஆய்வாளர்கள் தனித்தனி ஆடாக அடையாளமிட்டு இடைவிடாமல் கவனித்துவருகின்றனர். சில குளிர்காலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பட்டினியால் இறப்பதும், பின் எண்ணிக்கை மீள்வதும் வழக்கம். குளிர்காலம் மிதமாகிவருவதால் ஆடுகளின் சராசரி உடலளவு சிறுத்துவருவதும் இந்த ஆய்வில் தெரியவந்தது. வீடுகளை அண்டி வாழ்ந்த தனிவகை வீட்டெலி, மக்கள் வெளியேறிய சில ஆண்டுகளில் பூண்டோடு அழிந்துபோனது. வயலெலியும் செயின்ட் கில்டாவுக்கே உரிய ரென் குருவியும் இன்றும் உள்ளன.

இப்படி ஆளொழிந்த ஸ்காட்லாந்துத் தீவு இது ஒன்றுதானா?

இல்லை. பறவைப் பாறைகளுக்குப் பெயர்பெற்ற மிங்குலே 1912-இல் ஆளொழிந்தது. வடகரையில் உள்ள ஸ்ட்ரோமா 1962-இலும், ஹாரிஸை ஒட்டிய ஸ்கார்ப் 1971-இலும் கடைசிக் குடும்பங்களை இழந்தன. அங்கெல்லாம் மக்கள் சிறிது சிறிதாகக் கரைந்தனர். படக்கருவிகளும் பத்திரிகைகளும் கவனித்துக்கொண்டிருக்க, ஒரே காலையில் ஓர் ஊர் முழுவதும் கப்பலேறியது செயின்ட் கில்டாவில்தான். அதன் புகழுக்கு அதுவே முக்கியக் காரணம்.

சென்று பார்க்க முடியுமா?

முடியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து சிறு விசைப்படகுகள் ஒருநாள் பயணமாக அழைத்துச் செல்கின்றன. கடலில் ஒரு வழிக்கே மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம், அலைக்குப் பழகாதவர்களுக்கு எளிதான பயணம் அல்ல. வானிலை காரணமாகப் பயணம் ரத்தாவது சாதாரணம் என்பதால், மாற்று நாளும் கையில் வைத்துக்கொண்டு செல்வது நல்லது. கப்பல்துறை கிடையாது, சிறிய ரப்பர் படகுக்கு மாறியே கரையேற வேண்டும். நாய்களைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. கப்பலெலி ஒன்று கரையேறினாலும் தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு ஆபத்து என்பதால், இறங்குவதற்கு முன் பைகளையும் காலணிகளையும் சோதித்துக்கொள்ளுமாறு காப்பாளர்கள் கேட்டுக்கொள்கின்றனர்.